பெட்டிகளில் அக்காவின் குரல்

அக்காவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று பெங்களூர் மருத்துவர் சொன்னது ஒரு புதன்கிழமை. அன்று மாலை ஓசூருக்குத் திரும்பும் பேருந்தில், அத்திப்பள்ளியைத் தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். லாரிகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவள், கரகரத்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப பசங்கள யாருடா திட்டுவா?"

சிரிப்பதற்காகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவளுக்கு அதுதான் கவலை.

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவில் அக்கா மெஸ் நடத்துகிறாள். மாமா இறந்த வருடம் கார்த்திகையில் ஆரம்பித்தது. சாப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் தூத்துக்குடி, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் பையன்கள். வீட்டுக்காரம்மாவிடம் தெலுங்கு, காய்க்காரரிடம் கன்னடம், பையன்களிடம் எங்கள் குந்தாரப்பள்ளிப் பக்கத்துத் தமிழ் என்று அவள் நாள் முழுக்க மாறி மாறிப் பேசுவாள். கோபம் வந்தால் காய்க்காரருக்கும் தமிழ்தான். திட்டாமல் அவள் எந்தப் பையனுக்கும் சோறு போட்டதில்லை. தட்டில் மிச்சம் வைத்தால் திட்டு, தாமதமாக வந்தால் திட்டு, ஊருக்குப் போன் பேசாவிட்டால் திட்டு. புதிதாக வருகிற பையன்கள் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு மாதம் போனால், என்றைக்காவது அவள் திட்ட மறந்துவிட்டால், "ஏன்க்கா, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று அவர்களே கேட்பார்கள்.

புகையிலை அவளுக்கு வெற்றிலையோடு வந்த பழக்கம். மாமா போன பிறகு அது கூடிப்போனது. குரல் கம்மியபோது எல்லோரும் அடுப்புப் புகை என்றுதான் நினைத்தோம்.

நான் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். படிப்பதும், இந்தப் பக்கத்துச் சத்தங்களைப் பதிவுசெய்து வைப்பதும் என் பொழுதுபோக்கு. குந்தாரப்பள்ளிச் சந்தையை ஒவ்வொரு வருடமும் ஒருமுறையாவது பதிவுசெய்திருக்கிறேன். ஷிப்ட் சங்கு, கண்டக்டர்கள் மூன்று மொழியில் ஊர்ப் பெயர் கூவுவது, மழைக்கு முந்தைய தவளைகள் என்று எல்லாம் என்னிடம் இருக்கின்றன. கோப்பின் பெயரில் முதலில் தேதி வரும், பிறகு இடம். யாரும் கேட்டு வாங்கியதில்லை. இருந்தாலும் தேதி இல்லாமல் ஒன்றைச் சேமித்து வைக்க எனக்குக் கை வராது. இந்தப் பழக்கத்தால் ஒலியை வெட்டித் திருத்தும் மென்பொருள்கள் எனக்கு ஓரளவு தெரியும். அறுவைக்குக் குறித்த நாளுக்குள் அக்காவின் குரலை எடுத்து வைத்துவிடலாம் என்று அந்தப் பேருந்திலேயே முடிவு செய்துவிட்டேன். அவளிடம் சொன்னபோது, "எடுத்து? ஊறுகாய் போடுவியா?" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எதில் திருத்துவது என்ற கேள்வியில் எனக்குச் சில நாட்கள் போயின. நான் பல வருடமாக வைத்திருக்கும் மென்பொருளில் ஒலி திரையில் ஒரு நீண்ட பட்டையாகக் கிடக்கும். அதை வேண்டிய இடத்தில் வெட்டினால் துண்டுகளாகும், கிளிப் என்பார்கள். ஒரு கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினால் அது சுருங்கும். ஆனால் ஒலி அழியாது, ஓரத்துக்குப் பின்னால் மறைந்து நிற்கும். ஒவ்வொரு கிளிப்புக்கும் தனியாகச் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு கிளிப்புகளை ஒன்றின்மேல் ஒன்று லேசாகப் படியவிட்டால் ஒட்டுப்போட்ட இடம் காதுக்குத் தெரியாது. என்னிடம் இருந்த இன்னொன்று இலவசமாகக் கிடைத்த பழைய பதிப்பு. அதில் வெட்டியது வெட்டியதுதான். நடுவில் ஒன்றை நீக்கினால் பின்னால் இருப்பவை எல்லாம் முன்னால் நகர்ந்து இடைவெளியை மூடிவிடும். ஒருவர் திக்கித் திணறிப் பேசியிருந்தால் அந்தத் திணறலே தெரியாமல் ஆக்க அது வசதி.

இரண்டும் அக்காவுக்கு உதவாது என்று பிறகுதான் உறைத்தது. இரண்டிலும் பட்டை இடமிருந்து வலமாக ஓடுகிறது. முதலில் வைத்தது முதலில் ஒலிக்கும். மெஸ்ஸில் பேச்சு அப்படி ஓடுவதில்லை. யார் எப்போது வருவான், எவன் தட்டில் கையைக் கழுவுவான் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? தேடியதில் மூன்றாவதாக ஒன்று கிடைத்தது. மேடையில் இசை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்காகச் செய்தது. அதில் பட்டைக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கிளிப். எந்தப் பெட்டியில் விரல் வைக்கிறோமோ அது ஒலிக்கும். டேப்லெட்டிலும் ஓடும். எனவே முதலாவதில் பதிந்து திருத்துவது, மூன்றாவதில் அடுக்குவது என்று திட்டம் போட்டேன்.

பதிவு நடந்தது மெஸ்ஸின் சாமான் அறையில். அரிசி மூட்டைகள் சுவரை மறைத்து அடுக்கியிருந்ததால் அங்கே எதிரொலி இல்லை. சொல்ல வேண்டிய வாக்கியங்களை நான் முதலிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தேன். 'சாப்பிட வாங்க', 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா', 'நாளைக்கு மெஸ் லீவு' என்ற மாதிரி. நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலாவது வாக்கியத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இதெல்லாம் யாருடா பேசுவா? பஸ் ஸ்டாண்டு மைக்கா நான்?"

சரி, உன் இஷ்டத்துக்குப் பேசு என்று விட்டேன். பேச்சே வரவில்லை. ஆள் இல்லாமல் அவளுக்குத் திட்டத் தெரியவில்லை. என்னைப் பார்த்துத் திட்டிப் பார்த்தாள். பையன்கள்மேல் வருகிற அந்தக் கோபம் என்மேல் அவளுக்கு என்றைக்கும் வந்ததில்லை என்பதால் அது எடுபடவில்லை. கடைசியில் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கூப்பிட்டோம். கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவன். தினமும் கடைசி ஆளாக வந்து, தினமும் திட்டு வாங்குகிறவன். அவனை ஒரு மூட்டையின் மேல் உட்காரவைத்துக் கையில் ஒரு காலித் தட்டைக் கொடுத்தேன். தட்டைப் பார்த்ததும் அக்காவுக்குக் குரல் வந்துவிட்டது.

"வாங்க தொரை. ஊர்ல உங்கப்பா மில்லு வெச்சு நடத்துறாரு, நீங்க ஆடி அசஞ்சு வர்றீங்க. ஆறுன சோறுதான் கெடக்கு, தின்னு."

அவன் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டால் முகத்தை மூடிக்கொண்டான். "எங்கப்பா உப்பளத்துல வேல பாக்காருக்கா," என்றான். "அத நான் கேட்டனா? மொதல்ல தின்னு," என்றாள். இப்படியே பல மாலைகள் போயின. 'வா' என்பதையே அவள் பல விதமாகச் சொன்னாள். அன்பாக, சலிப்பாக, அதட்டலாக, கேலியாக. எல்லாவற்றையும் எடுத்தேன். அவன் சிரிப்பு அவள் பேச்சின் மேல் விழுந்த இடங்களில் மட்டும் எந்த மென்பொருளாலும் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அவற்றை அப்படியே விட்டேன்.

திருத்த உட்கார்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. முதல் மாலையின் குரலும் கடைசி மாலையின் குரலும் ஒன்றல்ல. சத்தத்தைக் கூட்டிக் குறைத்து எல்லாக் கிளிப்புகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கரகரப்பைச் சமன்செய்ய ஒரு வழியும் இல்லை. கோப்பின் பெயரைப் பார்க்காமலே, காதால் கேட்டே, எது எந்த வாரத்தில் பேசியது என்று என்னால் சொல்ல முடிந்தது. தேதிகளில் பிரியமுள்ள எனக்கு, தெரிந்துகொள்ள விருப்பமில்லாத தேதிகள் அவை மட்டும்தான்.

அறுவை ஐப்பசியில் நடந்தது. கதிர்வீச்சு முடிந்து அவள் மெஸ்ஸுக்குத் திரும்பியபோது மார்கழி. கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. மூச்சு இனி அதன் வழியாகத்தான். மூக்கில் காற்று போகாததால் வாசனையும் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. சாம்பார் கொதிக்கும்போது மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய்விட்டு, ஒன்றும் தெரியாமல் நிமிர்வாள். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றை மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தார்கள். உதட்டசைவுக்கு அது ஒரே சுரத்தில் இரைந்தது. மாவு மிஷின் சுற்றுவதுபோல் கையைச் சுற்றிக் காட்டி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பேச உதவும் வால்வு ஒன்றைத் தொண்டையில் பொருத்திப் பார்த்தார்கள். அது ஒழுகியதால் எடுத்துவிட்டார்கள்.

அதனால் டேப்லெட். பரிமாறும் மேசையின் ஓரத்தில் அதை நிறுத்தி ஸ்பீக்கரோடு இணைத்தேன். முதல் நாள் அவள் விரல் வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள். அதற்குள் "வாடா" என்றது. மறுபடி வைத்தாள், மறுபடி அதே தாமதம். இது இசைக்காரர்களின் மென்பொருள், பெட்டியைத் தட்டியதும் அடுத்த தாளம் விழும்வரை காத்திருந்துதான் கிளிப்பைத் தொடங்கும் என்பதை நான் கவனிக்கவில்லை. போதாததற்கு, உள்ளே போட்ட எதையும் தன் வேகத்துக்கு இழுத்துப் பொருத்திக்கொள்ளும் வழக்கமும் அதற்கு இருந்தது. "தட்டக் கழுவிட்டுப் போடா" என்று படபடவெனச் சொன்னதை அது தாலாட்டுப்போல் இழுத்துச் சொன்னது. பையன்கள் சிரித்தார்கள், அக்காவும் தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் சிரிப்புக்கும் இனி சத்தமில்லை என்பதை நான் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். இரண்டு வசதிகளையும் அணைத்தேன். பிறகு விரல் பட்டதும் அவள் குரல் வந்தது.

அந்தப் பெட்டிகளில் பேச்சுக்கு முன்னால் அவள் மூச்சு இழுக்கும் ஒலியும் இருந்தது. வெட்டத் தோன்றவில்லை. எதிரே நிற்கும் அக்கா கழுத்தின் வழியாகச் சுவாசிக்க, ஸ்பீக்கரில் இருந்த அக்கா மட்டும் மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

தை பிறக்கும்வரை நன்றாகத்தான் போயிற்று. அதன் பிறகு அவளுக்குச் சலித்தது. எனக்கு அதற்குள் அவள் உதட்டசைவு கொஞ்சம் படிக்க வந்திருந்தது. விரலால் டேப்லெட்டைச் சுட்டி, அதே, அதே, அதே என்று உதட்டை அசைத்தாள். அவள் சொன்னது நியாயம். ஒரு திட்டை ஒரே மாதிரி இரண்டு முறை அவள் வாழ்நாளில் திட்டியதில்லை. பையன்களுக்கும் மனப்பாடமாகிவிட்டது, பெட்டி பேசும்போது கூடவே முணுமுணுத்தார்கள்.

பட்டை மென்பொருள்களில் இதற்கு வழியில்லை. பெட்டி மென்பொருளில் இருந்தது. பல கிளிப்புகளை ஒரு கூட்டமாகச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அதுவாகவே ஏதோ ஒன்றை எடுத்து ஒலிக்கும். எது வரும் என்று யாருக்கும் தெரியாது. அக்காவிடம் இதை விளக்கினேன். உடனே போடு என்று மேசையைத் தட்டினாள். சாமான் அறையில் எடுத்த விதவிதமான 'வா' எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குக் கீழே கொண்டுவந்தேன். மறுநாள் முதல் மெஸ் பழையபடி ஆகிவிட்டது. இன்றைக்கு என்ன வரும் என்று பையன்கள் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். 'வா ராசா' வந்தவனுக்குக் கைதட்டல், 'தொரை' வந்தவனுக்கு ஊளை. அக்கா இடுப்பில் கைவைத்து, ஸ்பீக்கர் சொன்னதற்கு ஏற்றபடி முகத்தை வைத்துக்கொள்வாள். அந்த நாட்களில் அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. எல்லோரும் ஸ்பீக்கரைத்தான் பார்த்தார்கள்.

மாசியில் அந்தத் தூத்துக்குடிப் பையனின் அப்பா உப்பளத்திலேயே மயங்கி விழுந்து இறந்துபோனார். மதியச் சாப்பாட்டின் நடுவே போன் வந்தது. அவன் கையைக் கழுவாமல் கிளம்பினான். அக்கா பேருந்து நிலையம்வரை கூடப் போனாள்.

காரியம் முடித்து அவன் திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் அன்று அங்கே இருந்தேன். கூடத்தில் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் நிமிர்ந்தபோது மொட்டைத் தலையில் வெயில் விழுந்தது. அக்கா அவனைப் பார்த்துவிட்டாள். ஒரு கையில் சோற்றுச் சட்டி. இன்னொரு கை, அத்தனை நாள் பழக்கத்தில், அவனைக் கூப்பிடுவதற்காகப் பெட்டிக்குப் போனது.

"வாங்க தொரை. ஊர்ல உங்கப்பா மில்லு வெச்சு நடத்துறாரு, நீங்க ஆடி அசஞ்சு வர்றீங்க."

கடைசி வார்த்தைகளின் மேல் அவனுடைய சிரிப்பும் கேட்டது. கிளிப்பில் பிரிக்க முடியாமல் நான் விட்ட சிரிப்பு.

அவன் வாசற்படியிலேயே நின்றான். பிறகு, "வாரேன்க்கா," என்றான். அக்கா சட்டியை வைத்துவிட்டு ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். உதடுகள் வேகமாக அசைந்தன. கழுத்துத் துணி உள்ளேயும் வெளியேயும் போய் வந்தது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை; என்னைப் பார்த்தான்.

"நான் சொல்லல, நான் சொல்லலங்குறா," என்றேன்.

"எனக்குத் தெரியாதாக்கா?" என்றான். "நீங்க ஏசுனா நல்லாத்தான் இருக்கும். சோத்தப் போடுங்க, பசிக்கி."

உட்கார்ந்தான். அவள் பரிமாறினாள். அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டான். எதிரே நின்று அவள் ஏதோ கேட்டாள். குனிந்த தலைக்கு அது எப்படித் தெரியும்? மேசையை விரலால் தட்டினாள். நிமிர்ந்தான். மெதுவாக, பெரிதாக உதட்டை அசைத்து மறுபடி கேட்டாள்.

"தண்ணியாக்கா?" இல்லை என்று தலையாட்டினாள். "மோரா?" இல்லை. "லீவா? நாளைலேர்ந்து வேலைக்குப் போறேன்க்கா." அதுவும் இல்லை.

அவன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறாள் என எனக்குப் புரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைக் கையமர்த்திவிட்டு மூன்றாம் முறையாக அவனிடமே கேட்டாள். அவன் அவள் உதட்டையே பார்த்தான். புரிந்த கணத்தில் அவன் கண்கள் நிறைந்துவிட்டன. சோற்றுக் கையாலேயே முகத்தை மறைத்துக்கொண்டான். அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் தோன்றியது. அத்தனை மாலைகள் உட்கார்ந்து அத்தனை கிளிப் எடுத்தோம். ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் சொல்வதற்கு ஒன்றுகூட எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் சாமான் அறையில், காலித் தட்டோடு சிரித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து, அவள் அதை எப்படிச் சொல்லியிருப்பாள்?

அன்று எல்லோரும் போன பிறகு டேப்லெட்டையும் ஸ்பீக்கரையும் என் பையில் வைத்தாள். கலைத்துப்போடும் வசதியை மட்டும் எடுத்துவிடுகிறேன், பழையபடி ஒரு பெட்டிக்கு ஒரு கிளிப் என்று வைத்துவிடலாம், கேலியை எல்லாம் தனி வரிசைக்கு மாற்றலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். இரண்டு முறை சொல்ல வைத்துத்தான் எனக்குப் பிடிபட்டது.

அது பேசறப்ப நான் சும்மாதான்டா நிக்கிறேன்.

கோப்புகளை அழிக்கச் சொல்கிறாயா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். அது உன் பாடு என்பதுபோல. அவை என்னிடம் தேதிவாரியாக இருக்கின்றன. திறந்து கேட்டதில்லை.

இப்போது மெஸ்ஸில் அக்காவின் சத்தம் இல்லை. தட்டுச் சத்தம், மின்விசிறி, பையன்களின் பேச்சு. அவள் திட்டத்தான் செய்கிறாள், உதட்டால். திட்டு வாங்க வேண்டியவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய பையன்கள் பார்க்கிறார்கள். பாதி புரிகிறது. புதிதாக வருகிறவர்கள் போனைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அவர்கள் மிச்சம் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு அவள் ஒரு நிமிடம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்ததும் அவளுக்குப் போன் செய்வேன். இப்போது நேரில் போகிறேன். போக முடியாத நாளில் மட்டும் போன். அவள் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். குக்கர் விசில் கேட்கும், யாரோ சாம்பார் கேட்பது கேட்கும், சில சமயம் துணிக்குப் பின்னாலிருந்து அவள் மூச்சு கேட்கும். அன்று கம்பெனியில் நடந்ததையெல்லாம் சொல்வேன். கேள்வியாக எதுவும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வேன். சொல்ல ஒன்றும் இல்லாமல் போன பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். இணைப்பைத் துண்டிப்பது நான்தான். அவள் வைப்பதில்லை.